குளுவான் நிறையில் புராஜெக்ட் செய்யப் போகிறீர்களா? நிறையைக் கடைசியில் தொடுங்கள்

கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவராவது என்னிடம் வந்துவிடுகிறார்கள். "அண்ணா, கைடு குளுவான் மாஸ் என்று தலைப்புக் கொடுத்துவிட்டார், எங்கே ஆரம்பிப்பது?" என்பார்கள். குளுவான் என்பது புரோட்டானுக்குள் குவார்க்குகளை ஒட்டிவைக்கும் துகள்; மாஸ் என்றால் நிறை. நானும் அதே தலைப்பில் மாட்டியவன்தான். ஒரு செமஸ்டர் வேலையில் முதல் பத்து வாரத்தைத் தொலைத்தேன். பாதி, புரியாத கட்டுரைகளை முறைத்துப் பார்த்ததில் போனது. மீதி, ஒரே ஒரு அலகுத் தவறில் போனது. அந்தப் பத்து வாரம் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தலைப்பு இதுதான்: அதிவேகத்தில் இரண்டு புரோட்டான்கள் மோதும்போது கிடைக்கும் மொத்தக் குறுக்குவெட்டை (வகுப்பில் கிராஸ் செக்‌ஷன் என்போமே, அது; மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்வது), குளுவானுக்கு இயக்கத்தால் உருவாகும் ஒரு நிறையை வைத்துக் கணக்கிடுவது. குவாண்டம் புலக் கொள்கையில் ஒரு தாள் எழுதியிருந்தால் போதும். பைத்தானில் தொகையீடு போடத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் வழியில் கற்றுக்கொள்ளலாம்.

1. முதலில் காகிதங்கள்

பொள்ளாச்சியிலோ கோவையிலோ பி.எஸ்ஸி. முடித்து எல்லை தாண்டி எம்.எஸ்ஸி. சேர்ந்தவரா? உங்கள் எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்டும் மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் அலுவலகத்தில் நிஜமாகவே சேர்ந்திருக்கிறதா என்று மூன்றாம் செமஸ்டரிலேயே நேரில் போய்ப் பாருங்கள். "ஃபைலில் உண்டு" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எனக்கும் அதே பதில்தான் சொன்னார்கள். புராஜெக்ட் பதிவு செய்கிற வாரத்தில்தான் ஃபைலில் இல்லை என்று தெரிந்தது. கோவைக்கு மூன்று நடை, ஒன்பது நாள் நஷ்டம்.

புராஜெக்ட்டுக்கென்று என்னிடம் கேட்டவை: ஒரு பக்கச் சினாப்சிஸ், கைடின் சம்மதக் கடிதம், வெளி நிறுவனத்தில் இன்னொரு கைடு இருந்தால் துறைத் தலைவரின் அனுமதி. கடைசியில் டிக்ளரேஷன், கைடு சர்டிபிகேட், பிளேஜியரிசம் ரிப்போர்ட். உங்கள் துறையின் பட்டியலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சினாப்சிஸில் ஒரு பொறி இருக்கிறது. "குளுவானின் நிறையைக் கண்டுபிடித்தல்" என்று எழுதினால் தொலைந்தீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதில்தான் வரும். "இயக்கத்தால் உருவாகும் குளுவான் நிறையை அளபுருவாகக் கொண்டு புரோட்டான்–புரோட்டான் மொத்தக் குறுக்குவெட்டைக் கணித்தல்" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் பாதுகாப்பு.

2. 'நிறை' என்றால் இங்கே என்ன

துகள் தரவுக் குழுவின் புத்தகத்தைத் திறந்தால் குளுவானின் நிறை 0 என்று இருக்கும். உங்கள் கட்டுரைகளிலோ 400 எம்.இ.வி., 500 எம்.இ.வி. என்று இருக்கும் (மெகா எலக்ட்ரான் வோல்ட்; ஆயிரம் சேர்ந்தால் ஒரு ஜி.இ.வி., பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு டி.இ.வி.). இரண்டும் சரிதான். முதலாவது கொள்கையின் லக்ராஞ்சியனில் (அதன் அடிப்படைச் சூத்திரத்தில்) இருக்கும் நிறை. அங்கே நிறை உறுப்பு ஒன்றைக் கையால் எழுதிச் சேர்த்தால், கொள்கையைத் தாங்கி நிற்கும் கேஜ் சமச்சீர்மை கெட்டுவிடும், அதனால் அது 0. இரண்டாவது, குளுவான்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதால் எழுவது. உந்தம் குறையக் குறையக் குளுவானின் புரொப்பகேட்டர் (அது பரவுவதை விவரிக்கும் சார்பு) எல்லையில்லாமல் ஏறாமல் ஒரு மதிப்பில் போய் நின்றுவிடுகிறது. அப்படி நிற்பதைத்தான் நிறை போலப் படிக்கிறோம். 2007 வாக்கில் வந்த பெரிய லாட்டிஸ் கணக்குகளில் (வெளியையும் காலத்தையும் கட்டங்களாக்கிக் கணினியில் போடுபவை), லாண்டாவ் கேஜ் என்ற தேர்வில், இது தெளிவாகத் தெரிந்தது. உந்தம் ஏறினால் இந்த நிறை தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இது ஓர் எண் அல்ல, உந்தத்தின் சார்பு. 400 என்று சொல்வது உந்தம் சுழியாகும் இடத்தில் உள்ள மதிப்பை.

கல்பாத்தித் தேர் அன்று அக்ரஹாரத் தெருவில் நடந்திருப்பீர்கள். உங்கள் எடை கூடுவதில்லை, ஆனால் ஒவ்வோர் அடியும் கனக்கும். அது மாதிரிதான், இங்கே கூட்டமும் குளுவான்கள்தான் என்பதைத் தவிர. இந்த உவமையை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் சொல்ல வேண்டாம். மற்ற துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்துக்கும் இதையே சொல்வார்கள் என்பதால், "அப்போ இது ஹிக்ஸ்தானே?" என்று மடக்குவார்கள். நான் மடங்கினேன்.

சிதறலுக்கு இது எதற்கு? நிறையில்லாத குளுவான் ஒன்று பரிமாறப்பட்டால், சிறிய உந்தப் பரிமாற்றத்தில் குறுக்குவெட்டு கட்டுக்கடங்காமல் போகும். மொத்தத்தைக் கூட்டவே முடியாது. நிறை இருந்தால் அந்த இடம் அடைபட்டுவிடும். விடை, இணைப்பின் (வினையின் வலிமையைச் சொல்லும் எண்) வர்க்கத்தை நிறையின் வர்க்கத்தால் வகுத்த அளவில் வந்து நிற்கும். கையால் ஒரு வெட்டு எல்லை வைப்பதற்குப் பதிலாகக் கொள்கையிலிருந்தே வந்த ஓர் எல்லை, அவ்வளவுதான்.

3. முதல் இரண்டு வாரம்: குளுவானை மறந்துவிடுங்கள்

நான் செய்த பெரிய தவறு, நிறையைக் கொள்கையிலிருந்தே வருவிக்கும் ஷ்விங்கர்–டைசன் சமன்பாடுகளில் ஆரம்பித்தது. அது ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வேலை. உங்களுக்கு அதன் விடை போதும்.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது டொனக்கி–லாண்ட்ஷாஃப் 1992-இல் தந்த எளிய பொருத்தம். மோதல் ஆற்றலின் வர்க்கத்தை எஸ் என்று வையுங்கள், ஜி.இ.வி. வர்க்கத்தில். புரோட்டான்–புரோட்டான் மொத்தக் குறுக்குவெட்டு மில்லிபார்னில் (குறுக்குவெட்டின் அலகு): எஸ்-ஐ 0.0808 அடுக்குக்கு ஏற்றி 21.70-ஆல் பெருக்குங்கள், எஸ்-ஐ −0.4525 அடுக்குக்கு ஏற்றி 56.08-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். ஐந்து வரி நிரல். 1.8 டி.இ.வி.யில் 72.9, 7 டி.இ.வி.யில் 90.8, 13 டி.இ.வி.யில் 100.3 வர வேண்டும். வரவில்லை என்றால் ஆற்றலை வர்க்கப்படுத்த மறந்திருப்பீர்கள். இதே வரைபடத்தின் மேல் அளவிட்ட புள்ளிகளைக் குத்திப் பாருங்கள். எங்கே கோடு பொருந்துகிறது, எல்.எச்.சி. (செர்னில் உள்ள பெரிய மோதுவி) ஆற்றலில் எங்கே கீழே நழுவுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். உங்கள் மாதிரி தாண்ட வேண்டிய கோடு இதுதான்.

இதே இரண்டு வாரத்தில் அலகுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஜி.இ.வி.யின் −2 அடுக்கு ஒன்று = 0.3894 மில்லிபார்ன். ஒரு ஃபெர்மி (அணுக்கரு அளவு நீளத்தின் அலகு) = 5.068 ஜி.இ.வி.யின் −1 அடுக்கு. ஒரு ஃபெர்மி வர்க்கம் = 10 மில்லிபார்ன்.

நான் அந்த 0.3894-ஐ ஓரிடத்தில் பெருக்க மறந்தேன். குறுக்குவெட்டு இரண்டரை மடங்கு பெரிதாக வந்தது. தவறு அலகில் என்று தோன்றவில்லை, நிறையில் என்று நினைத்தேன். நிறையை ஏற்ற ஏற்றக் குறுக்குவெட்டு இறங்குகிறதல்லவா, 800 எம்.இ.வி.க்கு மேல் கொண்டுபோய் ஒரு வழியாகப் பொருத்திவிட்டேன். கோடு அழகாகப் புள்ளிகள் மேல் ஓடியது. கைடு பார்த்துவிட்டு, "இத்ர மாஸ் வருமோ?" (இவ்வளவு நிறை வருமா) என்று மட்டும் கேட்டார். ஐந்து வாரம் போயிருந்தது. இந்தக் கணக்கில் குளுவான் நிறை உங்கள் பாவம் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்: மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே அதை அவிழ்த்து விடுங்கள்.

4. கார்ன்வால் சூத்திரம் (ஒரு வாரம்)

கார்ன்வால் 1982-இல் எழுதிய கட்டுரையிலிருந்து உங்களுக்கு இரண்டு சூத்திரங்கள் வேண்டும்: நிறை உந்தத்தோடு எப்படித் தேய்கிறது, இணைப்பு எப்படி உறைகிறது. அவர் நிறைக்குச் சொன்ன மதிப்பு 500 எம்.இ.வி., 200 முன்பின்.

நிரலில் எழுதி இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். சுழி உந்தத்தில் நிறை 400, லாம்ப்டா (இணைப்பு எந்த ஆற்றலில் பெரிதாகிறது என்று சொல்லும் அளவு) 300 எம்.இ.வி., நான்கு வகைக் குவார்க்குகள் என்று வைத்தால், உந்த வர்க்கம் 1 ஜி.இ.வி. வர்க்கமாகும்போது நிறை 323 எம்.இ.வி., 10-இல் 246. தேய்வு மெதுவாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். இணைப்பு சுழி உந்தத்தில் 0.77 அளவில் நிற்கும். வழக்கமான சூத்திரம் லாம்ப்டாவில் வெடிக்கும் இடத்தை இது அமைதியாகக் கடந்துவிடும்.

இரண்டு பொறிகள். ஒன்று, சூத்திரம் யூக்ளிடிய உந்தத்துக்கு எழுதியது; உந்த வர்க்கத்தின் குறியை மாற்றிப் போட்டால் மடக்கைக்குள் எதிர்மறை எண் வரும். இரண்டு, நிறை லாம்ப்டாவில் பாதிக்கும் கீழே போனால் (மேலே சொன்ன மதிப்புகளில் 150 எம்.இ.வி.) சுழி உந்தத்தில் இணைப்பே எதிர்மறையாகிவிடும். பொருத்தும் நிரலுக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு அங்கே போய் விழும். கீழ் எல்லை வைத்துவிடுங்கள்.

5. ஐக்கோனல் (இரண்டு வாரம்)

இதுதான் கணக்கின் முதுகெலும்பு. மோதல் விலகல் தூரம் (இரண்டு புரோட்டான்களின் நடுப்புள்ளிகள் எவ்வளவு விலகிப் போகின்றன என்பது) ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐக்கோனல் மதிப்பு; அங்கே எவ்வளவு சிதறும், எவ்வளவு உறிஞ்சும் என்பதை அது சொல்லும். அதிலிருந்து ஒரு தொகையீட்டில் மொத்தக் குறுக்குவெட்டு. இப்படிச் செய்தால் நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது, அதாவது யூனிட்டாரிட்டி கெடாது.

மாதிரியைப் போடும் முன் ஒரு கருப்பு வட்டைப் போடுங்கள். ஒரு ஃபெர்மி ஆரம் வரை முழுக்க உறிஞ்சும், அதற்கு வெளியே ஒன்றுமில்லை என்று வையுங்கள். மொத்தக் குறுக்குவெட்டு 62.8 மில்லிபார்ன், மீட்சிச் சிதறல் சரிபாதி 31.4 வர வேண்டும். அரை மணி நேர வேலை. இதை நான் முதலிலேயே செய்திருந்தால் 0.3894 அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

அடுத்து, புரோட்டானுக்குள் பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கான சார்பு. இதில் மூன்றாம் வரிசை மாற்றியமைத்த பெஸ்ஸல் சார்பு, ஒரு கனத்தோடு பெருக்கி வரும். தளம் முழுக்கத் தொகையிட்டால் விடை 1 வர வேண்டும், 0.99 வந்தாலும் விடாதீர்கள். தூரம் சுழியாகும் புள்ளியில் கனம் 0, பெஸ்ஸல் முடிவிலி. பைத்தான் 'எண்ணல்ல' என்று கையை விரித்துவிடும். அந்தப் பெருக்கலின் உண்மையான எல்லை 8. அதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

ஐக்கோனலில் இரட்டைப் பகுதி, ஒற்றைப் பகுதி என்று இரண்டு உண்டு. புரோட்டான்–புரோட்டானையும் புரோட்டான்–எதிர்ப்புரோட்டானையும் பிரித்துக் காட்டுவது ஒற்றைப் பகுதி. உயர் ஆற்றலில் அது தேய்ந்துவிடும். இரட்டைப் பகுதியில் குவார்க்–குவார்க், குவார்க்–குளுவான், குளுவான்–குளுவான் மூன்றும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது கடைசியானது.

6. குளுவான்–குளுவான் (மூன்று வாரம், அவசரப்படாதீர்கள்)

இதற்கு வழிகாட்டி லூனா, மார்ட்டினி, மெனான், மிஹாரா, நட்டாலே ஆகியோர் 2005-இல் எழுதிய கட்டுரை. முன்னோக்கிய சிதறலில் இயக்கத்தால் உருவாகும் குளுவான் நிறையின் செல்வாக்கைப் பார்க்கிறது. ஆர்க்கைவ் தளத்தில் இலவசம், பணம் கட்டி வாங்காதீர்கள். இரண்டு குளுவான்கள் மோதும் அடிப்படைக் குறுக்குவெட்டுக்கு அதில் ஒரு நீண்ட சூத்திரம் இருக்கும். தொகுதியில் கெழுக்கள் 12, −55, 12, 66, −8. தட்டச்சில் ஒரு குறி மாறினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு ஒரு வழி: நிறையை மாறிலியாக வைத்து, ஆற்றல் வர்க்கத்தை நிறை வர்க்கத்தின் சரியாக 4 மடங்காகக் கொடுங்கள். தொகுதி 3072 − 3520 + 192 + 264 − 8 என்று ஆகிச் சுழியாகும். பின்னால் உள்ள மடக்கையும் 1-இன் மடக்கையாகிச் சுழியாகும். இரண்டு நிறையுள்ள குளுவான்கள் பிறக்கத் தேவையான குறைந்த ஆற்றலில் குறுக்குவெட்டு சுழி என்பது நியாயம்தானே.

அப்புறம் மறுமுனை. இணைப்பு 0.5, நிறை 400 எம்.இ.வி. என்று மாறிலியாக வைத்து ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனால் 17.2 மில்லிபார்னில் போய் நிற்க வேண்டும். நிறையைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு, 69-க்கு அருகில். இந்த இரண்டு முனையும் சரியென்றால் நடுவில் பெரும்பாலும் தவறிருக்காது.

அடிப்படைக் குறுக்குவெட்டு ஏறாமல் நின்றுவிடுகிறது என்றால் புரோட்டானுடையது ஏன் ஏறுகிறது என்று நான் வெகுநாள் குழம்பினேன். மோதும் குளுவான்களின் எண்ணிக்கை ஏறுகிறது, அதனால்தான். புரோட்டானின் உந்தத்தில் மிகச் சிறு பங்கைச் சுமக்கும் மென்மையான குளுவான்கள் ஏராளம். ஆற்றல் ஏற ஏற இன்னும் சிறிய பங்குகளும் ஆட்டத்துக்கு வரும். தொகையீட்டின் கீழ் எல்லையே இதைச் சொல்கிறது: நிறை வர்க்கத்தின் 4 மடங்கை எஸ்-ஆல் வகுத்தது. 13 டி.இ.வி.யில் இது 100 கோடியில் 4 பங்குக்கும் குறைவு.

அந்தச் சிறிய எண்தான் அடுத்த பொறி. 0-க்கும் 1-க்கும் இடையில் சம இடைவெளிப் புள்ளிகள் எடுத்தால் முக்கியமான பகுதி முழுக்கத் தவறிப்போகும். மடக்கை அளவில் தொகையிடுங்கள். குளுவான் பரவல்களின் இரட்டைத் தொகையீட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடாமல், ஒரு முறை 200 புள்ளிகளில் அட்டவணையாக்கி இடைச்செருகுங்கள். என் பழைய மடிக்கணினியில் ஒரு பொருத்தத்துக்கு ஆறு மணி நேரம் ஆனது; அட்டவணை போட்ட பிறகு பத்து நிமிடம். நம் பக்கத்தில் கரண்ட் போகிற நேரத்தை யோசித்தால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. இடைவிடைகளைக் கோப்பில் சேமிக்கும்படி நிரலை எழுதுங்கள்.

7. தரவு: யாருடைய புள்ளி?

துகள் தரவுக் குழுவின் தளத்தில் மொத்தக் குறுக்குவெட்டுகளின் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும். புதியவை ஹெப்டேட்டா தளத்தில். 10 ஜி.இ.வி.க்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடுங்கள், மாதிரி அங்கே பேசாது. காஸ்மிக் கதிர்ப் புள்ளிகளைப் படத்தில் காட்டுங்கள், பொருத்தத்தில் சேர்க்காதீர்கள். அவை காற்றின் மேல் புரோட்டான் மோதியதிலிருந்து இன்னொரு மாதிரி வழியாகப் பெறப்பட்டவை.

சிக்கல் எல்.எச்.சி. புள்ளிகளில். 13 டி.இ.வி.யில் டோட்டெம் குழு 110.6 ± 3.4 மில்லிபார்ன் என்கிறது, அட்லாஸ் 104.7 ± 1.1 என்கிறது. 8 டி.இ.வி.யில் அதே வரிசையில் 101.7 ± 2.9, 96.07 ± 0.92. எப்போதும் ஒரே பக்கமாக வித்தியாசம். பழைய அமெரிக்க மோதுவியான டெவட்ரானிலும் 1.8 டி.இ.வி.யில் சி.டி.எஃப். 80.03 ± 2.24, இ-710 குழு 72.8 ± 3.1 என்று இதே கதை. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டால் பிழை குறைவாகச் சொன்னவர் பக்கம் கோடு சாயும். ஆகவே மூன்று பொருத்தம் செய்யுங்கள்: டோட்டெமோடு, அட்லாஸோடு, இரண்டோடும். நிறை எவ்வளவு நகர்கிறது என்பதே உங்கள் ஆய்வின் ஒரு முடிவு. என் புராஜெக்ட்டில் தேர்வாளர் பாராட்டிய ஒரே பக்கம் அந்த அட்டவணைதான்.

முன்னோக்கிய வீச்சின் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் உள்ள விகிதத்தையும் பொருத்தலாம். அதற்கு எஸ்-ஐ ஒரு கலப்பெண்ணால் பெருக்கி மெய்ப்பகுதியை எடுக்க வேண்டும். மறந்தால் விகிதம் சுழியாகவே வரும். 13 டி.இ.வி.யில் டோட்டெம் தந்தது 0.1-ஐ ஒட்டிய மதிப்பு. அதைச் சுற்றி ஒடெரான் (புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் உயர் ஆற்றலிலும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரு பரிமாற்றம்) விவாதம் ஒன்று இருக்கிறது. படிக்கப் படிக்க இழுக்கும். பனைமரத்து யட்சி மாதிரி, சுண்ணாம்பு கேட்டுக் கூப்பிடும். போகாதீர்கள், செமஸ்டர் முடிந்துவிடும்.

8. இப்போது நிறையை அவிழ்த்து விடுங்கள்

முதலில் நிறையை 400-இல் கட்டிவைத்து மற்ற அளபுருக்களைப் பொருத்துங்கள். பிறகு 300, 350, 400 என்று ஏற்றிக்கொண்டே 800 வரை, ஒவ்வொன்றிலும் கட்டிவைத்துத் திரும்பப் பொருத்தி, கை-ஸ்கொயர் (கோடு தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) எப்படி மாறுகிறது என்று வரையுங்கள். ஒரு கிண்ணம் வரும். மேற்சொன்ன 2005 கட்டுரையிலும் விருப்பமான மதிப்பு 400 எம்.இ.வி. பக்கம்தான். கிண்ணம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதிக நிறைப் பக்கத்தில் தரவு அவ்வளவு கண்டிப்பாக இல்லை. ஒற்றை எண்ணைச் சொல்லிப் பெருமைப்படாமல் வரம்பைச் சொல்லுங்கள். கிண்ணத்தின் அடி 150-க்கோ 900-க்கோ போனால் படி 3-க்குத் திரும்பிப் போய் அலகைப் பாருங்கள்.

9. செலவும் வைவாவும்

மென்பொருள், கட்டுரைகள், தரவு எல்லாம் இலவசம். எனக்கு ஆனது மொபைல் டேட்டா, பஸ், பிரிண்ட் மூன்றும்தான். 58 பக்கம், நான்கு பிரதி, அதில் வண்ணப் பக்கம் எட்டு, பைண்டிங்கோடு இரண்டாயிரத்துச் சொச்சம். வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையிலும் புரியும்படி, கோட்டின் வகையை மாற்றி வரைந்திருந்தால் அதிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

எழுதுவதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பிளேஜியரிசம் சோதனைக்கு முதல் வரைவையே அனுப்பிவிடுங்கள். சூத்திரங்களுக்கு நடுவில் வரும் வழக்கமான வாக்கியங்களும் மாட்டும், திருத்த நாள் வேண்டும்.

வைவாவில் "குளுவானினு மாஸ் உண்டோ?" என்று நிச்சயம் கேட்பார்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ, எதில் வருகிறதோ அதில், மூன்று வாக்கியம் தயார் செய்து வையுங்கள்: லக்ராஞ்சியனில் இல்லை; தாழ்ந்த உந்தத்தில் புரொப்பகேட்டர் உறைவதால் ஒரு நிறைச் சார்பு வருகிறது; அது கேஜ் சமச்சீர்மையைக் கெடுக்காது. அடுத்த கேள்வி, "அப்படியானால் தனிக் குளுவானை எடை போட முடியுமா?" முடியாது, அது தனியாக வெளியே வருவதே இல்லை. மூன்றாவதாக என்னிடம் கேட்டது, "இந்த 0.3894 எங்கிருந்து வந்தது?" அதை மட்டும் நான் தூக்கத்திலும் சொல்வேன்.